கழிவு வெப்பத்தைப் பிடிக்குமுன் அது இப்போது எங்கே போகிறது என்று பாருங்கள்

எனக்கு வந்த கேள்வியின் சுருக்கம் இது. சிங்கப்பூரின் செனோக்கோவில் ஓர் உணவுத் தொழிற்சாலை. எரிவாயுவில் எரியும், மணிக்கு 4 டன் நீராவி தரும் பாய்லர், 7 பார் அழுத்தம். சராசரி நீராவிச் செலவு மணிக்கு 2.5 டன். கண்டன்சேட் (வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நீராகிவிட்ட நீராவி) 30 விழுக்காடுதான் பாய்லருக்குத் திரும்புகிறது. காற்றை அழுத்தும் 75 கிலோவாட் கம்ப்ரசர் இரண்டு, தண்ணீரால் குளிர்பவை; 350 டன் குளிர்ச்சித் திறனுள்ள சில்லர் (குளிர்விப்பு இயந்திரம்); எல்லாவற்றின் வெப்பத்தையும் நீரை ஆவியாக்கி வெளியேற்ற ஒரு கூலிங் டவர். கழுவுவதற்கும் குழாய், தொட்டிகளை உள்ளே சுத்தம் செய்வதற்கும் நாளுக்கு 20 கன மீட்டர் வெந்நீர், 65 டிகிரி செல்சியஸில். இப்போது அதை நீராவிதான் சூடாக்குகிறது. ஆண்டுக்கு 300 நாள், நாளுக்கு 20 மணி நேர ஓட்டம். பாய்லர் புகைவாயுவின் வெப்பத்தில் இயங்கும் அப்சார்ப்ஷன் சில்லர் வைத்தால் மின்சாரமும் தண்ணீரும் ஒருசேரக் குறையும் என்று விற்பனையாளர் சொல்கிறார். செய்யலாமா?

வேண்டாம். உங்கள் ஆலையில் அது மின்சாரத்தைக் கொஞ்சம் குறைக்கும், தண்ணீர்ச் செலவைக் கூட்டும். அதே வெப்பத்தை வைத்து இதைவிடப் பல மடங்கு மிச்சம் பிடிக்கும் வேலைகள் உங்கள் பாய்லர் அறைக்குள்ளேயே இருக்கின்றன.

முதலில் விற்பனையாளரின் யோசனையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 2.5 டன் நீராவிக்கு, 82 விழுக்காடு திறனில், பாய்லர் எடுக்கும் எரிவாயு ஏறத்தாழ 2,150 கிலோவாட். புகைவாயு 220 டிகிரியில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 130 வரை இறக்கலாம். ஒவ்வொரு 21 டிகிரி இறக்கத்துக்கும் எரிபொருளில் சுமார் 1 விழுக்காடு கிடைக்கும் என்பது பாய்லர்காரர்களின் பழைய கணக்கு. அதன்படி கிடைப்பது 90 கிலோவாட் வெப்பம். ஒற்றை நிலை அப்சார்ப்ஷன் சில்லரின் திறன் எண் (ஒரு பங்கு வெப்பத்துக்குக் கிடைக்கும் குளிர்ச்சி) 0.7. ஆக 63 கிலோவாட் குளிர்ச்சி, அதாவது 18 டன் குளிர்ச்சித் திறன். உங்கள் 350 டன் சில்லருக்குப் பக்கத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. மின்சாரத்தில் மிச்சமாவது 11 கிலோவாட் அளவுதான். அதே 90 கிலோவாட்டை ஓர் எகனாமைசர் (புகைவாயுவின் வழியில் வைக்கும் வெப்பமாற்றி) வழியாகப் பாய்லரின் ஊட்டுநீருக்கே (உள்ளே செலுத்தும் நீருக்கே) கொடுத்தால் 110 கிலோவாட் எரிவாயு மிச்சம்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் மோசம். சில்லர் எதுவானாலும் உறிஞ்சிய வெப்பத்தையும் தன்னை ஓட்டிய ஆற்றலையும் சேர்த்தே கூலிங் டவருக்கு அனுப்பும். மின்சார சில்லர் 63 கிலோவாட் குளிர்ச்சிக்கு டவரில் கொட்டுவது 74 கிலோவாட். அப்சார்ப்ஷன் சில்லர் கொட்டுவது 63-உம் 90-உம் சேர்ந்து 153 கிலோவாட். இரண்டு மடங்குக்கும் மேல். இதுவரை புகைபோக்கி வழியாக ஒரு சொட்டுத் தண்ணீரும் கேட்காமல் வானத்துக்குப் போன வெப்பத்தைப் பிடித்து, தண்ணீர் செலவழித்து வெளியேற்றுகிறீர்கள். ஒரு கிலோவாட்-மணி வெப்பத்தை வெளியேற்ற டவரில் ஏறத்தாழ 1.4 லிட்டர் ஆவியாகும். டவர் நீரின் உப்புச் செறிவு புதுநீரைப்போல 6 மடங்கில் ஓடுகிறது என்றால் வெளியே விடும் நீரையும் சேர்த்து 1.7 லிட்டர். கூடுதலான 79 கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 800 கன மீட்டர் தண்ணீர் கூடுதல்.

இதனால் அப்சார்ப்ஷன் சில்லரே மோசமான இயந்திரம் என்று ஆகிவிடாது. ஆலைக்குள் எரிவாயு எஞ்சின் வைத்து மின்சாரம் தயாரிக்கும் இடத்தில், எஞ்சினைக் குளிர்வித்த 90 டிகிரி நீர் டவருக்குத்தான் போகிறது என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். 100 கிலோவாட் குளிர்ச்சிக்கு 143 கிலோவாட் வெப்பம் வேண்டும். அப்சார்ப்ஷன் வழியில் டவருக்குப் போவது 243. மின்சார சில்லரையே வைத்திருந்தால் அதன் 117-உம் எஞ்சினின் 143-உம் சேர்ந்து 260. மின்சாரமும் மிச்சம், தண்ணீரும் சற்றுக் குறைவு. ஒரே இயந்திரம், ஒரே வெப்பநிலை. வெப்பம் முன்பு எந்த வழியாக வெளியேறியது என்பதை வைத்து முடிவு மாறுகிறது. அதனால் வெப்பப் பட்டியல் போடும்போது எத்தனை டிகிரி, எத்தனை கிலோவாட் என்ற இரண்டு பத்திகளோடு நிறுத்தாதீர்கள். இப்போது எங்கே போகிறது (டவருக்கா, புகைபோக்கிக்கா, அறைக் காற்றுக்கா, சாக்கடைக்கா) என்று மூன்றாவது பத்தி ஒன்று வேண்டும். டவருக்குப் போகும் வெப்பத்தை வேறு வேலைக்குத் திருப்பினால் தண்ணீரும் மிச்சமாகும். சாக்கடைக்குப் போகும் வெப்பத்தைத் திருப்பினால் இன்னும் அதிகம். அதைப் பிறகு சொல்கிறேன். புகைபோக்கியில் கிடைப்பது எரிபொருள் மட்டும்.

சிங்கப்பூரில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. குளிர் நாடுகளில் 40 டிகிரி வெந்நீர் இருந்தாலே குடியிருப்புகளைச் சூடாக்க வாங்கிக்கொள்வார்கள். இங்கே 40 டிகிரி நீரை இனாமாகக் கொடுத்தாலும் கேட்க ஆளில்லை. உங்கள் ஆலைக்குள், அந்த நேரத்தில், அந்த வெப்பநிலையில் தேவை இருக்க வேண்டும். ஆகவே வெப்பம் எங்கே கிடைக்கும் என்று தேடுவதற்கு முன் குளிர்ந்த நீர் எங்கெல்லாம் சூடாக்கப்படுகிறது என்று தேடுங்கள். உங்களிடம் இருப்பவை இரண்டே இரண்டு: பாய்லருக்குச் சேர்க்கும் புதுத் தண்ணீர், அந்த 20 கன மீட்டர் வெந்நீர்.

இந்த இரண்டுக்கும் பல வெப்ப மூலங்கள் போட்டி போடும் என்பதால் வரிசை முக்கியம். முதலில் கண்டன்சேட். 2.5 டன் நீராவியில் 30 விழுக்காடு திரும்புவதை 75 ஆக்கினால் மணிக்கு 1,125 லிட்டர் கூடுதலாகத் திரும்பும், ஆண்டுக்கு 6,750 கன மீட்டர். 2025 ஏப்ரல் முதல் ஆலைகளுக்கான குடிநீர் விலை, வரியும் கழிவுநீர்க் கட்டணமும் சேர்ந்து, கன மீட்டருக்கு 3.24 சிங்கப்பூர் வெள்ளி. ஆகத் தண்ணீரில் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 21,900 வெள்ளி. அந்த நீர் 90 டிகிரியில் வருகிறது. குழாய்த் தண்ணீர் 29 டிகிரி. வித்தியாசம் 80 கிலோவாட் வெப்பம், எரிவாயுவில் 97 கிலோவாட். நீரை மென்மையாக்கும் உப்பும் இரசாயனமும் குறையும், ப்ளோடவுனும் (பாய்லருக்குள் சேரும் உப்பை வெளியேற்ற விடும் நீரும்) குறையும். (உணவில் நேரடியாகக் கலக்கும் நீராவி திரும்பாது. அதன் பங்கு உங்களிடம் 25 விழுக்காட்டைத் தாண்டினால் மேலே சொன்ன எண்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.)

இவ்வளவு வெளிப்படையான மிச்சத்தை ஏன் யாரும் எடுக்காமல் விடுகிறார்கள்? பெரும்பாலும் பயம். ஒரு முறை வெப்பமாற்றியில் ஓட்டை விழுந்து சர்க்கரைக் கரைசலோ எண்ணெயோ பாய்லருக்குள் போயிருக்கும். அன்றைக்குக் கண்டன்சேட் குழாயைச் சாக்கடைக்குத் திருப்பியவர்கள் அப்படியே விட்டிருப்பார்கள். திரும்பும் குழாயில் மின்கடத்துதிறன் உணரியையும் அதோடு இணைந்த மூவழி வால்வையும் வையுங்கள். அளவு தாண்டினால் அது தானாகவே சாக்கடைக்குத் திருப்பிவிடும். ஒன்று மட்டும் கவனம்: சர்க்கரையும் கொழுப்பும் மின்சாரத்தைக் கடத்தாது. அவை கசியும் இடத்தில் கடத்துதிறன் உணரி கண்ணை மூடிக்கொண்டிருக்கும். கலங்கல் அளவியோ கரிம அளவியோ வேண்டும். எல்லா இயந்திரத்தின் கண்டன்சேட்டையும் ஒரே குழாயில் சேர்த்து ஒரே உணரி வைப்பதைவிட, சந்தேகத்துக்கிடமான இரண்டு மூன்றைப் பிரித்து அவற்றுக்குத் தனியாகக் கண்காணிப்பு வைப்பது புத்திசாலித்தனம்.

அடுத்த காரணம் ஸ்டீம் டிராப், அதாவது நீராவியைத் தடுத்துக் கண்டன்சேட்டை மட்டும் வெளியே விடும் வால்வு. திறந்த நிலையில் கெட்டுப்போன டிராப் நீராவியையே திரும்பும் குழாயில் தள்ளி அழுத்தத்தை ஏற்றும். நல்ல டிராப்களும் அதனால் வடிய முடியாமல் திணறும். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் வால்வு உள்ள வெப்பமாற்றியில் இன்னொரு தொல்லை. சுமை குறையும்போது வால்வு மூடிக்கொண்டே வரும், உள்ளழுத்தம் திரும்பும் குழாயின் அழுத்தத்துக்கும் கீழே போகும், கண்டன்சேட் வெளியேறாமல் உள்ளேயே நிற்கும். அதன் பிறகு வருவது குழாய் இடிக்கும் சத்தம், வெப்பநிலை ஊசலாட்டம், கடைசியில் தகடு ஓட்டை. இந்த இடத்தில் டிராப்பைப் பெரிதாக்கிப் பயனில்லை. நீராவியாலேயே இயங்கும் பம்ப்-டிராப் வேண்டும்.

7 பாரில் இருந்து வளிமண்டல அழுத்தத்துக்கு இறங்கும் கண்டன்சேட்டில் 13 விழுக்காடு மீண்டும் நீராவியாகப் பிரியும். தொட்டியின் காற்றுக்குழாயில் வெள்ளையாகப் புகைவது அதுதான். வெப்பமும் சுத்திகரித்த நீரும் சேர்ந்து போகின்றன. அரை பார் அழுத்தத்தில் ஒரு பிரிகலன் (நீராவியையும் நீரையும் பிரிக்கும் கலன்) வைத்து அந்த நீராவியை ஊட்டுநீர்த் தொட்டிக்குள் விடலாம். ஆனால் தொட்டி 85, 90 டிகிரியை எட்டும்போது இதுவரை ஒழுங்காக ஓடிய ஊட்டுநீர்ப் பம்ப் உள்ளே நீர் கொதித்துக் கற்களை அரைப்பதுபோல் சத்தம் போடத் தொடங்கும். தொட்டியை உயர்த்த வேண்டும், அல்லது குறைந்த உறிஞ்சழுத்தத்தில் வேலை செய்யும் பம்ப் மாற்ற வேண்டும். இந்தச் செலவை முன்கூட்டியே மதிப்பீட்டில் சேர்க்காதவர்கள், பம்ப் சத்தம் போட்டதும் தொட்டிக்குள் குளிர்நீரைத் திறந்துவிட்டுப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாக நினைப்பார்கள்.

இரண்டாவது, கம்ப்ரசர். பலர் அதன் வெப்பத்தைப் பாய்லரின் புதுத் தண்ணீருக்குக் கொடுக்கச் சொல்வார்கள். கண்டன்சேட் வேலை முடிந்த பிறகு உங்களுக்குப் புதுத் தண்ணீரே மணிக்கு 600 லிட்டர் சொச்சம்தான். அதை 65 டிகிரிக்கு ஏற்ற 26 கிலோவாட் போதும். வெப்பம் மிஞ்சிப் போகும். எனவே கம்ப்ரசரை அந்த 20 கன மீட்டர் வெந்நீரோடு இணையுங்கள். எண்ணெய் செலுத்தும் ஸ்க்ரூ கம்ப்ரசரில் மின்சாரத்தின் 70 விழுக்காடு எண்ணெய்க் குளிர்விப்பானில் வெப்பமாக வெளியே வரும். எப்போதும் முழுச்சுமையில் ஓடும் ஒரு 75 கிலோவாட் கம்ப்ரசரில் இருந்து 52 கிலோவாட். 20 மணி நேரத்தில் 1,050 கிலோவாட்-மணி. 20 கன மீட்டரை 29-இல் இருந்து 65-க்கு உயர்த்தத் தேவை 840. ஒரே கம்ப்ரசர் போதும். நீராவியை வெந்நீரில் இருந்து முழுக்க விலக்கிவிடலாம். நாளுக்கு 1,000 கிலோவாட்-மணிக்கு மேல் எரிவாயு மிச்சம். கம்ப்ரசர் தண்ணீரால் குளிர்வதால் அந்த 840-உம் டவருக்குப் போகாது; நாளுக்கு 1.4 கன மீட்டர் தண்ணீரும் மிச்சம். காற்றால் குளிரும் கம்ப்ரசராக இருந்தால் இந்தக் கடைசி வரி கிடையாது.

இங்கே செய்யும் தவறு பெரும்பாலும் எண்ணெயை அளவுக்கு மீறிக் குளிர்விப்பது. நம் ஊர்க் காற்று 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதம். அதை 7 பாருக்கு அழுத்தினால் 67 டிகிரியிலேயே ஈரம் நீராகப் படியத் தொடங்கும். கம்ப்ரசர் வெளிவாய் வெப்பநிலை அதற்குக் கீழே இறங்கினால் எண்ணெயில் நீர் சேர்ந்து பால்போல் வெளுக்கும், பேரிங் போகும். 75-க்குக் கீழே இறங்கவிடாதீர்கள். புதிய வெப்பமாற்றியை எண்ணெய்ச் சுற்றில் பழைய குளிர்விப்பானுக்கு முன்னால், தொடராக, கம்ப்ரசரின் வெப்பநிலை வால்வு தொடர்ந்து ஆளும்படி பொருத்த வேண்டும். பழைய குளிர்விப்பானைக் கழற்றிவிடக் கூடாது. வெந்நீர்த் தொட்டி நிறைந்த நேரத்தில் அதுதான் கம்ப்ரசரைக் காப்பாற்றும். உணவோடு தொடர்புள்ள நீர் என்பதால் இரட்டைச் சுவர்த் தகடு கட்டாயம். ஒரு சுவர் ஓட்டையானால் எண்ணெய் நீருக்குள் போகாமல் வெளியே சொட்டும்.

கம்ப்ரசர் நாள் முழுக்கச் சீராகச் சூடாக்கும். கழுவலோ ஷிஃப்ட் முடிவில் ஒரேயடியாக இழுக்கும். நாளுக்கு இரண்டு கழுவல், ஒவ்வொன்றுக்கும் பாதிப் பாதி என்றால் 10 கன மீட்டர் தொட்டி வேண்டும். உயரமான, ஒல்லியான தொட்டியாக வாங்குங்கள். மேலே வெந்நீர், கீழே குளிர்நீர் என்று அடுக்கு கலையாமல் இருக்க, கீழே நுழையும் நீர் மெதுவாகப் பரவி வரும்படி துளைக்குழாய் வேண்டும். 25 முதல் 45 டிகிரி வரை லெஜியோனெல்லா என்ற நோய்க்கிருமி செழித்து வளரும் இடம். மேலடுக்கு 60-க்குக் குறையாமல் பார்ப்பதோடு, வார இறுதி நிறுத்தத்துக்குப் பிறகு முழுத் தொட்டியையும் 60-க்கு மேல் ஏற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள். அதற்காகவே பழைய நீராவிச் சுருளை விட்டுவைக்க வேண்டும்.

மூன்றாவது, பலரும் கவனிக்காத இடம்: சாக்கடைக்கு முன்னால் இருக்கும் குளிர்விப்புக் குழி. பொதுக் கழிவுநீர்க் குழாயில் விடும் ஆலைக் கழிவுநீர் 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதற்காகப் பாய்லர் ப்ளோடவுனில் குழாய்த் தண்ணீரைக் கலக்கிறார்கள். 100 டிகிரி நீர் ஒரு லிட்டரை 45-க்குக் கொண்டுவர 29 டிகிரி தண்ணீர் 3.4 லிட்டர் வேண்டும். ப்ளோடவுன் 3 விழுக்காடு, மணிக்கு 75 கிலோ என்று வைப்போம். நீராவியாகப் பிரிந்தது போக 65 லிட்டர் மிஞ்சும். அதைக் குளிர்விக்க மணிக்கு 220 லிட்டர், ஆண்டுக்கு 1,300 கன மீட்டருக்கு மேல். கம்ப்ரசர் வேலையில் டவரில் மிச்சமான 420 கன மீட்டரைப்போல மூன்று மடங்கு! இதுவும் குளிர்நீர் வால்வு ஒழுங்காக மூடித் திறக்கிறது என்று நம்பிப் போட்ட கணக்கு. பல இடங்களில் அது பாதி திறந்த நிலையில் கையால் பூட்டப்பட்டிருக்கும். இன்றைக்கே போய்ப் பாருங்கள், இதற்குச் செலவே இல்லை.

இதற்குத் தேவை ஒரு சின்னப் பிரிகலனும் ஒரு சின்னத் தகடு வெப்பமாற்றியும்தான். பிரிந்த நீராவி ஊட்டுநீர்த் தொட்டிக்கு. மிஞ்சிய 65 லிட்டர், உள்ளே வரும் புதுத் தண்ணீரைச் சூடாக்கிவிட்டு 40 டிகிரியில் வெளியேறும். வெப்பம் வெறும் 4.5 கிலோவாட், புதுத் தண்ணீர் 6 டிகிரி ஏறும். எரிசக்தி மிச்சத்தை மட்டும் பார்த்தால் எந்த மேலாளரும் கையெழுத்துப் போட மாட்டார். தண்ணீரைச் சேர்த்துப் பார்த்தால் போடுவார். இதைத் தொடர்ச்சியான மேற்பரப்பு ப்ளோடவுனில் வையுங்கள். அடிப்பகுதியில் சில விநாடி திறந்து மூடும் ப்ளோடவுன் சேற்றோடு வரும். அது பழைய குழிக்கே போகட்டும். 70 டிகிரியில் வெளியேறும் கழுவல் நீருக்கும் இதே கணக்கு: லிட்டருக்கு 1.6 லிட்டர் குளிர்நீர். ஆனால் அதில் கொழுப்பும் மாவும் இருப்பதால் தகடு வெப்பமாற்றி ஒரு வாரத்தில் அடைத்துக்கொள்ளும். அகன்ற இடைவெளித் தகடோ சுருள் வகையோ வேண்டும். கடைசி அலசல் நீரை மட்டும் பிடித்து அடுத்த சுற்றின் முதல் அலசலுக்கு வைத்துக்கொள்வது அதைவிட எளிது.

எகனாமைசர் நான்காவதாக வரட்டும். கண்டன்சேட் வேலைக்குப் பிறகு ஊட்டுநீர் 75 டிகிரியில் இருக்கும். இயற்கை எரிவாயுப் புகையில் ஈரம் படிவது 55, 57 டிகிரி வாக்கில் என்பதால் குழாய் அரிக்காது. இன்றைய 47 டிகிரி ஊட்டுநீரோடு இதே எகனாமைசரை வைத்திருந்தால் குழாய்ப் பரப்பு நனைந்து அரித்திருக்கும். வரிசை முக்கியம் என்று சொன்னதற்கு இது இன்னொரு காரணம். டீசலையும் மாற்று எரிபொருளாக எரிப்பவர்கள் கந்தகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும், அமிலம் 120, 130 டிகிரியிலேயே படியும். அடுத்தது பம்ப் கட்டுப்பாடு. சின்னப் பாய்லர்களில் ஊட்டுநீர்ப் பம்ப் நீர்மட்டத்தைப் பார்த்து ஓடும், நிற்கும். பம்ப் நின்றிருக்கும்போது பர்னர் எரிந்தால் எகனாமைசருக்குள் நீர் கொதித்து இடிக்கும். நீரோட்டம் தொடர்ச்சியாக இருக்கும்படி கட்டுப்பாட்டு வால்வுக்கு மாறாமல் எகனாமைசர் வாங்காதீர்கள். அடைத்துத் தனிமைப்படுத்தக்கூடிய எகனாமைசருக்குத் தனிப் பாதுகாப்பு வால்வும் வேண்டும். பாய்லர் மனிதவள அமைச்சிடம் பதிவான அழுத்தக்கலன் என்பதால், வேலை தொடங்குமுன்னே அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகரிடம் வரைபடத்தைக் காட்டிவிடுங்கள்.

புகையில் உள்ள ஈரத்தையே நீராக்கிப் பிடிக்கும் கண்டன்சிங் எகனாமைசர் கவர்ச்சியாகத் தெரியும். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் 1.6 கிலோ நீர் உண்டாகும். ஆனால் அதைப் படியவைக்க 50 டிகிரிக்குக் கீழான நீரோட்டம் நிறைய வேண்டும். உங்களிடம் மிஞ்சியிருக்கும் குளிர்நீர் அதற்குப் போதாது. விட்டுவிடுங்கள்.

சில்லரின் 36 டிகிரி வெப்பத்தை வெப்பப் பம்பு வைத்து 65-க்கு ஏற்றும் யோசனையும் இங்கே தள்ளிப்போகும், வெந்நீரைக் கம்ப்ரசர் எடுத்துக்கொண்டதால். வெந்நீர் நாளுக்கு 60, 80 கன மீட்டர் செலவாகும் ஆலையில் நிலைமை வேறு: வெப்பப் பம்பின் ஒரு பக்கம் குளிர்நீர், மறுபக்கம் வெந்நீர் என்று இரண்டையும் பயன்படுத்தினால், டவருக்குப் போக வேண்டியதும் குறையும், பாய்லர் சுமையும் குறையும். வுட்லண்ட்ஸ், தெம்பனிஸ் பக்கத்துக் கணினிச் சில்லுத் தொழிற்சாலைகளில் கதையே தனி. அங்கே வெளிக்காற்றின் ஈரத்தை எடுக்கக் கடுமையாகக் குளிர்வித்துவிட்டு மறுபடி சூடாக்குகிறார்கள். உள்ளே வரும் 30 டிகிரிக் காற்றின் வெப்பத்தையே நீர்ச் சுருள் வழியாக அந்த மறுசூட்டுக்குக் கொடுத்தால் சில்லர், பாய்லர், டவர் மூன்றிலும் மிச்சம். அந்தக் குளிர்ச் சுருளில் வடியும் நீரையும் விடக் கூடாது. வெளிக்காற்றை 12 டிகிரிக்குக் குளிர்வித்தால் மணிக்கு 10,000 கன மீட்டர் காற்றில் 145 லிட்டர் அளவுக்கு வடியும்; உப்பே இல்லாத அந்த நீரை டவருக்கு விடலாம்.

வேலையைத் தொடங்குமுன் அளவிகள். டவருக்குள் வரும் நீருக்கும் டவரில் இருந்து வெளியே விடும் நீருக்கும் தனித்தனி மீட்டர், பாய்லரின் புதுத் தண்ணீருக்கு ஒன்று, குளிர்விப்புக் குழியின் தண்ணீருக்கு ஒன்று, எரிவாயுவுக்கும் நீராவிக்கும் ஒவ்வொன்று. குழாயை வெட்டாமல் மேலே பொருத்தும் அல்ட்ராசோனிக் மீட்டரை வாடகைக்கு எடுத்து இரண்டு வாரம் பதிவு செய்தால் பெயர்ப்பலகை எண்களுக்கும் நிஜத்துக்கும் உள்ள இடைவெளி தெரிந்துவிடும். மேலே நான் போட்ட கணக்குகளையெல்லாம் அந்த எண்களை வைத்துத் திருப்பிப் போடுங்கள். உற்பத்தி டன்னுக்கு எத்தனை லிட்டர், எத்தனை கிலோவாட்-மணி என்று பதிந்து வையுங்கள். மொத்த ரசீதை மட்டும் பார்த்தால் உற்பத்தி குறைந்த மாதத்தில் எல்லாமே மிச்சமாகத் தெரியும். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் நீர்ச் செயல்திறன் நிதிக்கு விண்ணப்பிக்கவும் இந்த அடிப்படை எண்கள் உதவும். ஆண்டுக்கு 60,000 கன மீட்டர் தண்ணீரைத் தாண்டும் ஆலை நீர் மேலாண்மைத் திட்டம் கொடுக்க வேண்டும். 54 டெராஜூலை, அதாவது 15 மில்லியன் கிலோவாட்-மணியை எட்டும் ஆலை எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும். உங்கள் எரிவாயு மட்டுமே இப்போது ஆண்டுக்கு 12.9 மில்லியன், மின்சாரத்தையும் சேர்த்தால் அந்தக் கோட்டுக்கு மிக அருகில் நிற்கிறீர்கள்.